காலி வண்டியின் எடை

இதை எழுதுகிறவன் அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியின் நடைக்கூடத்தில். அக்காவுக்குத் துணையாகப் போய் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஒரு பேக்கரி வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள் ரொட்டித் தட்டு எதையும் எடுக்கவில்லை. இருபது கிலோ இரும்பு எடைக்கல் ஒன்றை இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் வைத்தார். திரும்பிப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். மூன்றாவது வந்தபோது கூடத்தில் பேச்சு நின்றுபோனது. ஐந்தாவதை இறக்கும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால், ஏழு மாத வயிற்றோடு, தணிக்கைக்கு வந்த அதிகாரியின் நிதானத்தில் ஒரு பெண் நடந்து வந்தார்.

"சிஸ்டர், உங்க மெஷினைக் கொஞ்சம் சோதிக்கணும்" என்றார்.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை கர்ப்பிணிகளும் தங்கள் முறை வந்தும் எழுந்து போகவில்லை. பிற்பாடு அக்காவும் அவரும் சிநேகமாகிவிட்டார்கள். மீதிக் கதை அந்த வழியாகக் கிடைத்ததுதான்.

அவர் கல்குவாரிச் சாலையில் இருக்கும் எடைமேடையில் வேலை பார்க்கிறார். லாரிகள் ஏறி நிற்கும் நீளமான இரும்பு மேடை, அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை, அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி, சீட்டு அடிக்கும் பிரிண்டர், ஜல்லித் தூசியைத் திருப்பித் திருப்பி அவர் முகத்திலேயே வீசும் ஒரு மேசை மின்விசிறி. இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். நாற்காலி மட்டும் பட்டறையில் சொல்லிச் செய்தது. அதற்கு முன்பு இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் காலை விரித்துப் படுத்துவிட்டன. லாரிக்காரர்கள் அவரை டன்னக்கா என்று கூப்பிடுவார்கள். டன் கணக்கில் எடை போடுவதால் வந்த பெயர் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனதும் வேறு காரணம் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டும் அவருக்குத் தெரியும். தொண்ணூற்றாறு கிலோ உள்ள மனுஷிக்கு அது தெரியாமல் இருக்க இந்த உலகம் விடாது.

அந்த மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே உள்ள வித்தியாசம் எதுவும் கண்ணில் படாது. நாற்பது டன் தாங்கும் மேடைக்கு அதெல்லாம் தூசி. வண்டி இல்லாத நேரத்தில் அவர் எப்போதாவது ஏறி நிற்பார். நூறு என்று காட்டும். ஒரு மாசம் பட்டினி கிடந்துவிட்டு ஏறினாலும் நூறு, கல்யாண வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்து ஏறினாலும் நூறு. அவரைப் பற்றி அபிப்பிராயம் ஏதும் சொல்லாத ஒரே எடைக்கருவி அதுதான் என்பதால் அதன் மேல் அவருக்குத் தனிப் பாசம்.

வேலையில் அவர் எமகாதகி. காலி வண்டியை ஏற்றி ஒரு எடை, ஜல்லி ஏற்றிய பிறகு ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லோடு. இதில் தில்லுமுல்லு செய்ய விரும்புகிறவன் லோடில் கை வைக்க மாட்டான், காலி எடையில்தான் வைப்பான். டீசல் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவான். தண்ணீர் கேன் நாலு, உபரி டயர் இரண்டு, மச்சான் ஒருவர், மச்சானின் நண்பர் ஒருவர் என்று கேபினில் திணித்துக்கொண்டு காலி எடை போடுவான். லோடு எடைக்கு வரும்போது டேங்க் பாதியாகியிருக்கும், மச்சானும் காணாமல் போயிருப்பார். முதலில் போட்ட காலி எடைச் சீட்டு கனத்திருப்பதால் ஜல்லி குறைந்ததாகக் கணக்கு சொல்லும், காசும் அதற்குத்தான் கொடுப்பான். டன்னக்கா ஒவ்வொருவரையும் இறக்கிவிட்டு, டீசல் முள்ளைப் பார்த்த பிறகுதான் சீட்டு அடிப்பார். 'நேற்று எடுத்த காலி எடை இன்று செல்லாது' என்று கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டால் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். பதினோரு வருஷமாக அதில் ஒரு எழுத்தைக்கூட அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. நாலாவது வருஷத்தில் ஒன்று தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அப்புறம் பார்த்த டாக்டர்கள் எல்லோரும், எடையைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். முழங்கால் வலி என்று போனாலும் அதே பதில், காது அடைப்பு என்று போனாலும் அதே பதில். காதுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டதற்கு, எல்லாம் சம்பந்தம்தான் என்று அந்த டாக்டர் சொன்னாராம். எடை குறையவில்லை. முப்பத்து நாலாவது வயதில், யாரும் எதிர்பார்க்காத ஒரு மாதத்தில், குழந்தை மட்டும் தங்கிவிட்டது.

அதோடு ஊர் வாய் தலைகீழாகத் திரும்பியது. அதுவரை அவர் தட்டைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் எல்லாம் இப்போது தட்டில் அள்ளி வைத்தார்கள். ரெண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்றார்கள். இதில் தலைமை தாங்கியவர் மாமியார். அவர் மாணவர் விடுதி ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். இருநூறு பேருக்குக் குறைந்து சமைத்தால் கை நடுங்கும் என்பார். கரண்டி என்று அவர் சொல்வது மற்ற வீடுகளில் பாத்திரம் எனப்படும். கணவரோ பேக்கரியில் அடுப்படி வேலை. பொழுது சாய்ந்து வரும்போது பையில் அன்றைக்கு மிஞ்சிய பன்னும் கேக்கும் இருக்கும். அன்பை வேறு எப்படிக் காட்டுவது என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

எட்டாவது வாரத்தில் ஆஸ்பத்திரி மெஷினில் அவர் எடை தொண்ணூற்றாறு கிலோ நானூறு கிராம். ஆறாம் மாதத்தில் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை என்றது ரிப்போர்ட். டாக்டரம்மா எதை எவ்வளவு சாப்பிடுவது என்று ஒரு தாள் கொடுத்தார். இளைக்கச் சொல்லவில்லை, பட்டினி கிடக்கவும் கூடாது, வேளாவேளைக்கு அளவாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்று இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்கு ஒரு சிறிய சர்க்கரை மெஷினும் வந்தது.

மாமியார் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். இது காலைச் சாப்பாடா என்று கேட்டார். நாள் முழுமைக்கும் என்று தெரிந்ததும் தாளை மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டார். ஆனாலும் மருமகள் எடுத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அதன்படி சாப்பிடத் தொடங்கினார். ஒன்பது வருஷம் காத்திருந்தவருக்கு ஒரு தாளுக்குக் கட்டுப்படுவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. இருபத்தாறாம் வாரம் தொண்ணூற்றெட்டு இருநூறு. இருபத்தெட்டாம் வாரம் தொண்ணூற்றெட்டு நூறு. கூடவில்லை. நூறு கிராம் குறைந்திருந்தது. கூடத்தில் பக்கத்தில் இருந்த ஒல்லிப் பெண்கள் எல்லோரும் எட்டுக் கிலோ ஏறினேன், பத்துக் கிலோ ஏறினேன் என்று பேசிக்கொண்டிருந்தபோது, டன்னக்கா சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் மாமியார் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பைச் சொன்னார்.

"உன் உடம்பு அப்படியே இருக்கு. ஆனா எடை ஏறலைன்னா, உள்ள இருக்கறது பட்டினி கிடக்குதுன்னுதானேம்மா அர்த்தம்?"

இதைச் சொன்னது வேறு யாராவதாக இருந்தால் மருமகள் தள்ளிவிட்டிருப்பார். ஆனால் இது அவருடைய சொந்தக் கணக்கு. இரண்டு நாளாக எடைச் சீட்டின் பின்பக்கத்தில் அவரே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு. காலி எடை தொண்ணூற்றாறு நானூறு. இப்போதைய எடை தொண்ணூற்றெட்டு நூறு. ஆக லோடு ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை. அதற்குள் குழந்தை, நஞ்சுக்கொடி, நீர் எல்லாம் அடங்க வேண்டும். அப்படியானால் குழந்தைக்கு என்ன மிச்சம்? மூன்றாம் மாதத்தில் கலைந்தது நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் அவர் கணக்குப் போடவில்லை, சாப்பிட உட்கார்ந்தார்.

பத்து நாள் சாப்பிட்டார். மாமியாருக்கு வேலைக்குத் திரும்பிய மாதிரி ஒரு தெம்பு. நெய், முட்டை, மீன், பால், நடுநடுவே பழம், இரவில் பன். பசியும் ஏறிக்கொண்டே போனது. பசிக்கிறது என்றால் குழந்தை கேட்கிறது என்று மாமியார் விளக்கம் சொன்னார். முப்பதாம் வாரம் மெஷினில் ஏறினால் தொண்ணூற்றெட்டுத் தொள்ளாயிரம். பத்து நாள் விருந்துக்கு எண்ணூறு கிராம். சர்க்கரை மட்டும் தாவியிருந்தது. வெறும் வயிற்றிலேயே நூற்றுப் பதினெட்டு, கர்ப்பிணிக்குத் தொண்ணூற்றைந்தைத் தாண்டக் கூடாது. டாக்டரம்மா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். மூன்று நாளில் மறுபடி பார்க்கலாம், அதற்குள் இறங்காவிட்டால் அட்மிஷன் போட்டு இன்சுலின் ஊசி, குழந்தைக்கு இது நல்லதில்லை என்றார்.

ஒருத்தர் சாப்பிடு, இல்லாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்கிறார். இன்னொருத்தர் சாப்பிட்டால்தான் ஆபத்து என்கிறார். நடுவில் நிற்கிறவர் பதினோரு வருஷமாக எடை போடுகிறவர். அவருக்குத் தோன்றியது அவரைப் போன்ற ஒருவருக்குத்தான் தோன்றும். மெஷின் பொய் சொல்கிறது. எடை மெஷினே பொய் என்றால் அந்த ஆஸ்பத்திரியின் சர்க்கரை மெஷினை மட்டும் எப்படி நம்புவது? எடை பொய், சர்க்கரை பொய், தாள் பொய். எல்லாம் பொய் என்றால் குழந்தை நன்றாக இருக்கிறது, மாமியார் சாப்பிடச் சொல்வதும் சரி. இப்படியொரு வசதியான முடிவு ஒரு எடைமெஷினின் குற்றத்தில் இருந்தது.

முதலாளியிடம் அனுமதி கேட்டு, மேடையைச் சோதிக்க வைத்திருந்த முத்திரை போட்ட கற்களில் ஐந்தை எடுத்தார். ஒன்று போதாதா என்று கணவர் கேட்டதற்கு, இருபதில் யோக்கியமாக இருக்கிற மெஷின் நூறில் அயோக்கியத்தனம் செய்யும், தன் எடைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். அப்படித்தான் அன்றைக்கு அந்த பேக்கரி வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது.

நர்ஸ் முதலில் சிரித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார், ஏனென்றால் எதிரில் இருந்தவர் சிரிக்கவில்லை. டன்னக்கா மெஷினைத் தரை சமமான இடத்துக்கு நகர்த்தச் சொன்னார். பூஜ்யம் வருகிறதா என்று பார்த்தார். கணவர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கற்களை அடுக்கினார். இருபது. நாற்பது. அறுபது. எண்பது. ஐந்தாவது கல் ஏறியதும் கூடமே எட்டிப் பார்த்தது.

நூறு கிலோ நூறு கிராம்.

டன்னக்கா குனிந்து இன்னொரு முறை பார்த்தார். "நூறு கிராம் கூடக் காட்டுது" என்றார்.

"அப்படின்னா அக்கா, நீங்க நாங்க எழுதினதைவிட இன்னும் நூறு கிராம் கம்மி" என்றார் நர்ஸ்.

அதுவரை நின்றிருந்த டன்னக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கணவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கற்களைத் திரும்ப இறக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டரம்மா கற்களைப் பார்த்தார், டன்னக்காவைப் பார்த்தார், மற்ற டோக்கன்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு நேரே ஸ்கேன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

திரையில் குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு என்று அளந்தார்கள். ஒன்றரைக் கிலோ. முப்பது வாரத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. டன்னக்காவுக்கு மூச்சு வந்தது. ஆனால் தொழில் புத்தி விடவில்லை. அப்படியானால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று கேட்டார். டாக்டரம்மா ஒரு காகிதத்தை எடுத்து எழுதச் சொன்னார். குழந்தை ஒன்றரை. நஞ்சு அரைக்குக் கொஞ்சம் கம்மி. பனிக்குட நீர் முக்கால். கருப்பை பெருத்தது ஒரு முக்கால். கூடுதலாக ஊறிய ரத்தம் ஒன்றேகாலுக்கு மேல். மார்பில் கொஞ்சம். கூட்டினால் ஐந்து கிலோவைத் தொட்டது. ஆனால் ஏறியிருப்பது இரண்டரை.

"குழந்தை குறையல. நீங்க குறைஞ்சிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

பேனா அப்படியே நின்றது.

"காலி எடை மாறிப்போச்சு" என்றார் டன்னக்கா, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "டேங்க்ல இருந்து டீசல் எறங்கியிருக்கு. எட்டாம் வாரத்துச் சீட்டை வச்சிக்கிட்டு முப்பதாம் வாரத்து லோடுக்குக் கணக்குப் போட்டுட்டிருந்திருக்கேன்."

ஒரு லாரிக்காரனுக்கும் அவர் செய்ய விடாத தப்பை அவரே தன் உடம்பில் செய்திருந்தார்.

டாக்டரம்மாவுக்கு லாரி விவகாரம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அதையே பிடித்துக்கொண்டு மீதியைச் சொன்னார். மெலிந்த பெண்ணின் உடம்பு முதல் மாதங்களில் தொடையிலும் இடுப்பிலும் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், பின்னால் குழந்தைக்கும் பாலுக்கும் தேவைப்படும் என்று. ஏற்கெனவே நிறையச் சேமிப்பு உள்ள உடம்பு பல சமயம் அந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும், இருப்பிலிருந்தே எடுத்துச் செலவழிக்கும். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது, ஏறிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. சர்க்கரை ஏறுவதற்குக் காரணம் வேறு. சர்க்கரை குழந்தைக்குப் போய்ச் சேரட்டும் என்று நஞ்சு சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைத் தடுத்து நிறுத்தும். கொழுப்பு அதிகமுள்ள உடம்பில் இன்சுலின் முன்பே திணறிக்கொண்டுதான் இருக்கும். இப்போது இரண்டு தடுப்பும் சேர்ந்துகொண்டன.

அப்படியானால் அந்தப் பசி யாருடையது என்று டன்னக்கா கேட்டார். அவரை அதிகம் உறுத்தியது அதுதான்.

"கொழுப்புன்னா மூட்டை கட்டி வச்ச சரக்கு இல்லைங்க. அதுவும் ஹார்மோன் சுரக்குது. லெப்டின்னு ஒண்ணு. 'இருப்பு போதும்'னு மூளைக்குச் சேதி சொல்றதுதான் அதோட வேலை. உங்களுக்கு அது குறைவா இல்லை, எக்கச்சக்கமா இருக்கு. வருஷக்கணக்கா கத்திக் கத்தி மூளைக்குக் காது மரத்துப்போச்சு. இப்ப நஞ்சும் கூடச் சேர்ந்து கத்துது. மூளை திரும்பியே பாக்கல. அதனால பசிக்குதுன்னா குழந்தை கேக்குதுன்னு அர்த்தமில்லை."

இதற்கு மேல் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொல்வதுதான் பாக்கி. கணவர் வண்டியில் வரும்போதே நீயே சொல்லிவிடு என்று ஒதுங்கிக்கொண்டார். மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அந்த டாக்டருக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டார். ஒன்று என்றதும், தான் பெற்றது நாலு என்று நினைவுபடுத்தினார். அதோடு வாதம் முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

மருமகள் வாதாடவில்லை. சர்க்கரை மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் மாமியார் முன்னாலேயே விரலைக் குத்திக் காட்டினார். மூன்றாம் நாள் மாமியாருக்குச் சந்தேகம் வந்தது. இந்த டப்பா யாரைக் குத்தினாலும் இப்படித்தான் காட்டும், இது வியாபாரம் என்றார். நிரூபிப்பதற்காகத் தன் விரலையே நீட்டினார். இருநூற்று முப்பத்தொன்று காட்டியது. மாமியாரின் வெற்றிச் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே தங்கியிருந்தது. பிறகு கணவர் விரலில் குத்தினார்கள். தொண்ணூற்றிரண்டு. அவருக்கு அடுத்த வாரம்தான் கல் தூக்கிய கை வலி போனது, ஆனாலும் அந்த வீட்டில் ஆரோக்கியமான ஆள் அவர்தான் என்று தெரிந்தது.

அதன்பின் உப்பு ஜாடிக்கு அடியில் இருந்த தாள் அலமாரிக் கதவில் ஒட்டப்பட்டது. மாமியார் தனக்கும் அதையே பரிமாறிக்கொண்டார். "அவ சாப்பிடும்போது தனியாச் சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்று பக்கத்து வீட்டுக்குக் காரணம் சொன்னார். பேக்கரிப் பை அடுத்த தெருவில் இருந்த கணவரின் தங்கை வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. டன்னக்காவுக்குத் தாள் மட்டும் போதவில்லை. காலையில் சிறிய அளவில் இன்சுலின் ஊசியும் போட வேண்டியிருந்தது. ஊசிக்குப் பயந்தவர்தான், ஆனாலும் போட்டுக்கொண்டார். பசி எடுக்கும்போதெல்லாம் இது குழந்தை இல்லை, மரத்துப்போன காது என்று சொல்லிக்கொண்டு எழுந்து ஒரு சுற்று நடப்பார். சில நாள் எழ முடியாமல் அழுததும் உண்டு. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

முப்பத்தெட்டாம் வாரத்தின் முடிவில் வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. மூன்று கிலோ நூற்றைம்பது கிராம். பிறந்தவுடன் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. டன்னக்கா அதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் கண்ணை மூடினார்.

இரண்டு வாரம் கழித்து அவர் எடை தொண்ணூற்றொன்று. பிள்ளை பெற்று இளைத்த பெண்ணைப் பார்க்க அந்தத் தெருவே வந்தது. ரகசியம் என்ன என்று கேட்டார்கள். எடையைக் குறைத்தால்தான் குழந்தை தங்கும் என்று ஒன்பது வருஷம் சொன்னவர்களில் ஒருவர், குழந்தை தங்கினால் எடை குறையும் என்று இப்போது தன் மகளுக்குச் சிபாரிசு செய்தார். ஆறாவது வாரம் சர்க்கரையை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது. வந்தவர்களில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டிலும் யாரும் நினைவுபடுத்தவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சர்க்கரை இல்லை. பின்னால் வரலாம், வருஷம் ஒரு தரம் பாருங்கள் என்றார்கள்.

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. மாமியார் மாத்திரை சாப்பிடுகிறார், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். டன்னக்கா காலை எட்டு மணிக்கு எடைமேடைக்குப் போகிறார், ஆறு மணிக்குத் திரும்புகிறார். எடை தொண்ணூற்று நாலு. போன மாதம் பார்த்ததில் சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அடுத்த பரிசோதனைக்குத் தேதி வாங்கி வைத்திருக்கிறார்.